லைன் சும்மாதான் இருக்கு

எங்கள் ஓய்வூதியர் சங்கம் இந்த வருஷமும் மலர் போடுகிறது. போன வருஷ மலரில் எல்லாரும் கடமை, கண்ணியம் என்று எழுதியதால் எழுதியவர்களைத் தவிர யாரும் படிக்கவில்லை. அதனால் இந்த முறை தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: பணியிடத்தில் அரவணைப்பு. சொல்ல வந்தவர் இப்போது பதவியில் இருக்கும் ஓர் இளம் அதிகாரி. என் மகன் வயதுதான் இருக்கும். காபியைக் கையில் வைத்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், ஆட்டிசம் உள்ள ஒருத்தங்களை அந்தக் காலத்துலயே நீங்க எல்லாரும் அரவணைச்சு வேலை பாக்க வெச்சிருக்கீங்க. இப்ப வர்ற பிள்ளைங்களுக்கு இது தெரியணும். ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க."

"யார் சொன்னது?"

"ரெக்கார்ட்லயே இருக்கு மேடம். அவங்க சர்வீஸ் புக்ல ஒரு கெட்ட ரிமார்க் கிடையாது."

முப்பத்தாறு வருஷம் ரெக்கார்டு எழுதியவள் நான். ரெக்கார்டில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று எனக்கே பாடம் நடத்துகிறார். சரி தம்பி, எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலரில் போட்டாலும் சரி, வடை மடித்தாலும் சரி.

நான் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள். இந்தக் கதை நடந்தது குடவாசலுக்கும் திருவாரூருக்கும் நடுவில் ஓர் ஊரில். ஊர் பெயரை எழுதவில்லை. எனக்கு இன்னும் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்று மாதம் பணிவாகப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். வேலைக்கு வந்த மூன்றாவது நாள் சீனியர்கள் அதை மறக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

எங்களுடையது கையால் இணைக்கும் எக்ஸ்சேஞ்ச். ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு, அதில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும் ஒரு நம்பர். சந்தாதாரர் போனை எடுத்துச் சுற்றினால் அவர் நம்பருக்கு மேலே சின்ன ஷட்டர் ஒன்று டப் என்று விழும். நாங்கள் கார்டு என்கிற இணைப்பு வயரைச் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்போம். உள்ளூர் என்றால் உடனே இணைப்பு. வெளியூர் என்றால் ட்ரங்க் கால். டிக்கெட் எழுதி, நேரம் போட்டு, வரிசையில் வைத்து, லைன் கிடைத்ததும் கூப்பிடுவோம். எங்களுக்கு இருந்தது இரண்டே ட்ரங்க் லைன். அந்த இரண்டு லைனில் தொங்கிக்கொண்டுதான் ஊரின் நெல் வியாபாரம், கல்யாணம், கருமாதி, அரபு நாட்டுச் சம்பாத்தியம் எல்லாம் நடந்தன.

இரண்டு லைனை நான்கு பெண்கள் கட்டி ஆண்டோம். அதிகாரம் என்றால் என்ன என்று அந்த ஊர் தாசில்தாருக்குத் தெரிந்ததைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு எங்களிடம் ஒரு மந்திரம் இருந்தது: "லைன் பிஸி." சாப்பிட வேண்டுமா, லைன் பிஸி. பூ கட்ட வேண்டுமா, லைன் பிஸி. கேட்கிறவர் குரல் பிடிக்கவில்லையா, லைன் ரொம்ப ரொம்ப பிஸி. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல அது பாட்டுக்கு நடந்து வந்த பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்குள் ராபியா வந்து சேர்ந்தாள்.

அவளுடைய வாப்பா எங்கள் துறையில் லைன்மேன். பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு வேலை ராபியாவுக்கு வந்தது. அண்ணன்கள் இருவரும் ஏற்கெனவே ஷார்ஜாவில் இருந்ததால் இவள் பெயரைக் கொடுத்தார்கள். சொந்த ஊர் அதிராம்பட்டினம். வேலைக்காக அம்மாவும் மகளும் எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். முதல் நாள் கொண்டுவந்து விட்ட அவளுடைய உம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூஞ்சியைப் பாத்துப் பேசமாட்டா. தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மனசுல ஒண்ணும் இருக்காது" என்றார். நான் ரொம்பப் பெரிய மனதோடு, "நாங்க பாத்துக்கறோம்" என்றேன். நாங்கள் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

இருபத்திரண்டு வயதுப் பெண். பேசினால் ஒரே சுருதியில் பேசுவாள். சிரிப்புக்குச் சிரிக்கமாட்டாள், வணக்கத்துக்கு வணக்கம் சொல்லமாட்டாள். முதல் வாரம் என்னை "சூப்பர்வைசர்" என்றே கூப்பிட்டாள். "அக்கான்னு கூப்பிடும்மா" என்றேன்.

"நீங்க எனக்கு அக்கா இல்லையே."

"இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"ரூலா?"

"ஆமா, ரூல்தான்."

அன்றிலிருந்து நான் வசந்தாக்கா. ஒருநாள்கூட தவறியதில்லை. ரூல் என்றால் அவளுக்கு அவ்வளவு பிரியம். எங்களுக்கோ ரூல் என்பது அலமாரியில் இருக்கும் புத்தகம்.

ஆனால் ஹெட்போனை மாட்டிவிட்டால் அவள் வேறு ஆள். எதிரில் முகம் கிடையாது, பேச வேண்டியது என்ன என்பது எழுதி வைத்திருக்கிறது, மூன்று நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். உலகம் இப்படி இருந்திருந்தால் அவளுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. சந்தாதாரர் எண் அத்தனையும் மனப்பாடம். டெலிபோன் டைரக்டரியைக் கதைப்புத்தகம் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படிப்பாள். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி, பட்டியல் போட்டு மேலிடத்துக்கு அனுப்புவாள். மேலிடம் பதில் போடாது. அவள் அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை, நிறுத்தியதும் இல்லை. புது டைரக்டரி வருகிற நாள்தான் அவளுக்கு இன்னொரு பெருநாள்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பொது அறை நிரம்பி வழியும். துபாய், மஸ்கட், குவைத் என்று கணவன்மார்கள் போயிருக்க, பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கால் புக் பண்ண வருவார்கள். நாங்கள் அவர்களை விரட்டுவோம். ராபியா விரட்டமாட்டாள். எந்தக் கணவனுக்கு எந்த ஷிப்ட், எந்தக் கம்பெனியில் எப்போது போனுக்கு விடுவார்கள் என்று கேட்டு வைத்திருந்தாள். "உங்க வீட்டுக்காரருக்கு இப்ப டூட்டி. ரெண்டே முக்காலுக்கு வாங்க" என்பாள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல். அந்தப் பெண்கள் எங்களுக்குக் கும்பிடு போடுவார்கள், அவளுக்குப் பெற்ற பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி பலகாரம் கட்டிக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு வயிறு எரியும். அவளை நாங்கள் எங்களுக்குள் 'லூசு' என்றுதான் சொல்வோம். எங்களுக்குள் என்பதுகூடப் பொய். அவள் காதில் விழும்படியே சொல்வோம்.

இப்போது ஆபீசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடி அறையில் இருந்த அவர் யாரிடமும் பேசமாட்டார். பக்கத்தில் நின்றாலும் மெமோதான். ஒருமுறை நான் அவர் மேஜைக்கு முன்னால் நிற்கும்போதே, "மின்விசிறி சத்தம் போடுகிறது, ஆவன செய்யவும்" என்று எழுதி, நம்பர் போட்டு, பியூனைக் கூப்பிட்டு, என்னிடம் கொடுக்கச் சொன்னார். எதிரில் ஆள் நின்றாலும் அவர் பார்வை சுவர்க் கடிகாரத்தின் மேல் இருக்கும். மேஜையில் மூன்று பென்சில் ஒரே அளவில் சீவி, ஒரே இடைவெளியில் கிடக்கும். ஒன்றை நகர்த்தினால் அன்றைக்கு யாருக்காவது லீவு கிடைக்காது. பன்னிரண்டு நாற்பதுக்குத் தயிர்சாதம். பன்னிரண்டு நாற்பத்தொன்று ஆனால் சாப்பிடமாட்டார். அவரை நாங்கள் லூசு என்று சொல்லவில்லை. 'ரொம்பக் கண்டிப்பானவர்' என்று சொன்னோம். கெசட்டட் பதவியில் இருந்தால் அதற்குப் பெயர் கண்டிப்பு.

விவகாரம் சிங்காரத்திடமிருந்து ஆரம்பித்தது. ஊரில் பெரிய அரிசி மில் அவருடையது. டெலிபோன் ஆலோசனைக் கமிட்டியில் மெம்பர் வேறு. இவர் வாரம் மூன்று தடவை கேரளத்தில் இருந்த தன் ஏஜென்டுக்கு பி.பி. கால் போடுவார். பி.பி. என்றால், குறிப்பிட்ட ஒருவரின் பெயரைச் சொல்லி அவர் இருந்தால் மட்டும் இணைக்கச் சொல்வது. அவர் இல்லையென்றால் பேச்சுக்குக் கட்டணம் கிடையாது, சில்லறைதான். சிங்காரம் கேட்பது எப்போதும் செல்லத்துரையை அல்லது முத்தையாவை. செல்லத்துரையைக் கேட்டால் லாரி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். முத்தையா என்றால் கிளம்பவில்லை. இரண்டு பேருமே உலகத்தில் பிறக்காதவர்கள். எங்கள் எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு அவர் மில்லிலிருந்து ஆளுக்கொரு மூட்டை பச்சரிசி வரும் என்பதால் எங்களுக்குத் தெரியாது.

ராபியாவுக்கு நிஜமாகவே தெரியாது. அவள் செல்லத்துரையைத் தேடினாள். ஒவ்வொரு தடவையும் ஏஜென்டிடம், "எப்ப வருவார்? எங்க போயிருக்கார்?" என்று விசாரித்து டிக்கெட்டின் பின்னால் எழுதி வைத்தாள். கடைசியில் ஒருநாள் சிங்காரத்திடமே சொல்லிவிட்டாள்.

"சார், செல்லத்துரை அங்க இல்ல. நாப்பத்தொரு தடவை கேட்டுட்டேன். அவங்களுக்கும் எங்கன்னு தெரியல. போலீஸ்ல எழுதிக் குடுங்க. முத்தையாவையும் சேத்து எழுதுங்க, அவரும் இல்ல."

சிங்காரம் போனை வைத்துவிட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தோம். ராபியா சிரிக்கவில்லை. மாதக்கணக்கில் அவள் உண்மையாகவே கவலைப்பட்டிருக்கிறாள். அதுவும் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

சிங்காரம் அதை மனதில் வைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து, மழை பிடித்த ஒரு சாயங்காலம், எங்களில் ஒருத்தியான சரோஜா வெங்காய பஜ்ஜி வாங்கி வந்திருந்தாள். நான்கு பேரும் போர்டுக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். போர்டில் ராபியா. சிங்காரத்தின் ஷட்டர் விழுந்தது. அர்ஜென்ட் ட்ரங்க் வேண்டுமாம். "பிஸின்னு சொல்லு" என்றேன், வாயில் பஜ்ஜியோடு. ராபியா கார்டைச் சொருகி, அதே சுருதியில் சொன்னாள்.

"லைன் சும்மாதான் இருக்கு சார். ரெண்டும் சும்மா இருக்கு. வசந்தாக்கா பிஸின்னு சொல்லச் சொன்னாங்க. எல்லாரும் பஜ்ஜி சாப்பிடுறாங்க. நான் போட்டுத் தரேன், ஹோல்ட் பண்ணுங்க."

போட்டும் கொடுத்தாள். அவர் பேசியும் முடித்தார். மறுநாள் ஆபீசருக்குப் புகார் வந்தது. அதில் பஜ்ஜியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஜ்ஜியைப் பற்றிப் புகார் சொன்னால் எங்கள் நான்கு பேரையும் பகைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு லைனை நம்பிப் பிழைக்கிறவர் அதைச் செய்யமாட்டார். மனநிலை சரியில்லாத ஒரு பெண், சந்தாதாரர்களிடம் மரியாதையில்லாமல் பேசி, பொய்யான செய்திகளைச் சொல்கிறாள், உடனே நீக்க வேண்டும் என்று புகார். கமிட்டி மெம்பர் முத்திரையோடு.

ஆபீசர் அதை என் கருத்துக்கு அனுப்பினார். நான் எழுதிய கருத்து இப்போதும் எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது: "மேற்படி ஊழியரின் போக்கு இயல்பானதாக இல்லை. லைன் காலியாக இருக்கும்போது பிஸி என்று கூறும் பழக்கம் இந்த எக்ஸ்சேஞ்சில் இல்லை." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

ராபியாவுக்கு மெமோ வந்தது. உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான காரணங்களை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று. இந்த மாதிரி மெமோவுக்கெல்லாம் பதில் எங்கள் மேஜை டிராயரில் தயாராக இருக்கும். எந்தக் காலத்திலோ யாரோ எழுதியது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். நடந்தவற்றுக்கு மிகவும் வருந்துகிறேன், இனி இவ்வாறு நேராது, எனது குடும்பச் சூழ்நிலையைக் கருதி மன்னிக்க வேண்டுகிறேன். லேட்டாக வந்தவளும் இதைத்தான் கொடுத்தாள், லீவு போடாமல் ஊருக்குப் போனவளும் இதைத்தான் கொடுத்தாள். ஆபீசர் 'எச்சரிக்கப்பட்டது' என்று எழுதி மூடிவிடுவார்.

ராபியா இன்னும் நிரந்தரமாகவில்லை. புரொபேஷன் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. நிரந்தரமாகாதவளை ஒரு காகிதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதோடு ஊருக்கு ஊர் கையால் இணைக்கும் போர்டைக் கழற்றிவிட்டு ஆட்டோமேட்டிக் வந்துகொண்டிருந்த நேரம். தாராளமயம் என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் கடைத்தெருவில் அது மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்தாக வந்து நின்றது. உபரி ஆட்களை எங்கே தள்ளலாம் என்று மேலே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நிலைமையில் ஒரு கெட்ட பேர் வந்தால் போதும்.

அவளுடைய உம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வேலை போச்சுன்னா அவ அண்ணங்காரங்க என்னை அங்க வரச் சொல்றாங்க. இவளைச் சின்னவன் மாமியார் வீட்ல விட்டுட்டு வரணுமாம். பின்கட்டுல ஒரு ரூம் இருக்காம். யாராவது விருந்தாளி வந்தா கதவைச் சாத்திக்கலாமாம்." குரலை அடக்கிக்கொண்டு சொன்னார். "அந்த ஹெட்போனை மாட்டினாத்தான்மா அவளுக்கு மனுசங்களைப் பிடிக்குது. அதைப் புடுங்கிடாதீங்க."

நான் அன்றே டிராயர் பதிலை ராபியா பெயருக்கு எழுதி, "கையெழுத்து போடும்மா" என்றேன். அவள் படித்துப் பார்த்தாள்.

"எனக்கு வருத்தம் இல்லையே அக்கா."

"இல்லாட்டி என்ன. எழுதறது அப்படித்தான்."

"இனிமே நேராதுன்னு இருக்கு. நேருமே. லைன் சும்மா இருந்தா சும்மா இருக்குன்னுதான் சொல்வேன்."

"ராபியா, வேலை போயிடும்டி!"

"அவங்க காரணம் கேட்டிருக்காங்க அக்கா. காரணம் இருக்கு. எழுதறேன்."

எழுதினாள். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குப் பதினான்கு காரணங்கள், வரிசை எண் போட்டு. ஒன்று, கையேட்டின்படி லைன் நிலையைச் சரியாகச் சொல்ல வேண்டும். இரண்டு, நான் சரியாகச் சொன்னேன். ஐந்து, நான் பஜ்ஜி சாப்பிடவில்லை, எண்ணெய் வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளாது. இப்படிப் போய் எட்டாவது: லைன் பிஸி என்று சொல்வது இங்கே தினமும் நடப்பது. நான் சேர்ந்த நாளிலிருந்து கவனித்தவை தேதி, நேரத்தோடு இணைப்பில் உள்ளன. இணைப்பு பதினோரு பக்கம்.

அதைப் பார்த்த மறுநிமிஷம் எங்கள் நான்கு பேருக்கும் காய்ச்சல் கண்டுவிட்டது. ஆபீசர் விசாரணைக்கு நாள் குறித்தார், சாட்சியாக என்னை அழைத்தார். அதற்கு முந்தின நாள் சரோஜா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நமக்கெல்லாம் குடும்பம் இருக்கு. அவளுக்கு என்ன, அண்ணனுங்க வெளிநாட்டுல சம்பாதிக்கறாங்க. அவளுக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான், ஒண்ணும் தெரியாது."

ராபியாவை வழியனுப்பும்போது கொடுக்க ஒரு சேலைகூட எடுத்து வைத்துவிட்டார்கள். நல்ல சேலைதான். நானும் பங்கு போட்டிருந்தேன்.

விசாரணை பதினோரு மணிக்கு. ஆபீசர், அவர் மூன்று பென்சில், நான், ராபியா. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் முழித்தவள் நான் ஒருத்திதான். பதினான்கு காரணங்களையும் அவர் நிதானமாகப் படித்தார். பக்கம் திருப்பும்போது ஒவ்வொரு தாளின் விளிம்பையும் தட்டி நேராக்கினார். பிறகு எனக்குத் தெரிந்து முதல் தடவையாக மெமோ எழுதாமல் வாயைத் திறந்தார்.

"எட்டாவது பாயிண்ட். உண்மையா?"

"இல்லை சார்," என்றேன்.

அவர் பென்சிலை எடுத்தார். அதற்குள் ராபியா பேசினாள்.

"சார், வசந்தாக்கா பொய் சொல்ல மாட்டாங்க. மறந்துட்டாங்க. நான் ஞாபகப்படுத்தலாமா?"

அவர் தலையசைத்தார். ராபியா என் பக்கம் திரும்பி, என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, எனக்கு உதவி செய்ய ஆரம்பித்தாள். என்னை மாட்டிவிடுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. மறந்துபோய்த் தப்பாகச் சொல்லி அக்கா வம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, தடுமாறுகிறவளைக் கைபிடித்து அழைத்துப்போகிற மாதிரி சொன்னாள்.

"போன தீபாவளிக்கு முந்தின நாள். பத்து இருபது. மருந்துக்கடைக்காரர் தஞ்சாவூருக்குக் கேட்டார். நீங்க பூ கட்டிக்கிட்டு இருந்தீங்க. ஞாபகம் வருதா அக்கா?"

நானும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சரி, அது வேணாம். தை மாசம், அறுப்பு நேரம். சரோஜாக்கா வளைகாப்புப் போட்டோ காட்டினாங்க. ஆறு பேருக்குப் பிஸின்னு சொன்னோம். இல்ல, நீங்க சொன்னீங்க. அதுவும் வரலையா?"

"ராபியா..." என்றேன்.

"ஆடியில ஒரு அம்மா திருவாரூர் பெரியாஸ்பத்திரிக்குக் கேட்டாங்க. நீங்க தலைவலின்னு படுத்திருந்தீங்க. பிஸின்னு சொல்லிட்டீங்க. அந்தம்மா நாலு தடவை கேட்டாங்க. அழுதாங்க. அஞ்சாவது தடவை நீங்க பாத்ரூம் போயிருந்தீங்க, நான் போட்டுக் குடுத்தேன். அது கட்டாயம் ஞாபகம் இருக்கும் அக்கா. அழுதாங்கல்ல?"

எனக்கு ஞாபகம் இல்லை. எழுதுவதற்காகச் சொல்லவில்லை, சத்தியமாக ஞாபகம் இல்லை. அந்த அம்மா யார், ஆஸ்பத்திரியில் யார் கிடந்தார்கள், பிழைத்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நல்லவள் என்று என்னைப் பற்றி நானே வைத்திருந்த எண்ணம் அந்த அறையில், அந்த நிமிஷத்தில் போயிற்று. அது திரும்பி வரவே இல்லை.

"ஞாபகம் வந்துடுச்சு சார்," என்றேன். "எட்டாவது பாயிண்ட் உண்மைதான். நான் எழுதிக் குடுத்த கருத்துதான் பொய்."

"வந்துடுச்சா?" என்றாள் ராபியா. அவளுக்கு உண்மையாகவே நிம்மதி.

மூன்றாம் நாள் ஆபீசரின் உத்தரவு வந்தது. "ஊழியர் கூறியது உண்மை எனத் தெரிகிறது. உண்மை கூறுவது நடத்தை விதிகளில் எங்கும் தடை செய்யப்படவில்லை. அவரது பணி நிரந்தரம் செய்யப்படுகிறது." மற்ற மூவருக்கும் கண்டனம். எனக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம். சிங்காரத்துக்கும் ஒரு கடிதம் போயிற்று: இல்லாத நபர்களின் பெயரில் இனி பி.பி. கால் ஏற்கப்படாது. அந்தத் தீபாவளிக்கு அரிசி மூட்டை வரவில்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்தில் போர்டைக் கழற்றினார்கள். ராபியாவை டைரக்டரி விசாரணைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பெயர் சொன்னால் நம்பர் சொல்லும் வேலை. மேலிடத்தில் யாரோ யோசித்துச் செய்ததாக நினைக்காதீர்கள், அந்த இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். அவள் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தாள். ஐம்பதை நெருங்கும்போது, சென்னையில் டாக்டருக்குப் படித்த அண்ணன் மகள் அவளை ஒரு நிபுணரிடம் அழைத்துப்போயிருக்கிறாள். அன்று சாயங்காலமே எனக்கு போன்.

"வசந்தாக்கா, எனக்கு ஆட்டிசமாம். புக் குடுத்தாங்க, படிச்சேன். சரியாத்தான் எழுதியிருக்காங்க. மூணு இடத்துல தப்பு இருக்கு. திருத்தி அனுப்பியிருக்கேன்."

இளம் அதிகாரி அரவணைப்பு என்று கேட்டாரே, அதற்கு வருகிறேன். அது ஒருநாள் நடந்தது. உத்தரவு வந்த மறுநாள்.

மதியம் சாப்பிடப் போனேன். சரோஜாவும் மற்ற இரண்டு பேரும் வழக்கமான இடத்தில் இலை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி தன் டிபன் பாக்ஸை என் இடத்தில் நகர்த்தி வைத்தாள். பதினெட்டு வருஷமாக நான் உட்கார்ந்த இடம். "இடம் இல்லக்கா" என்றாள் சரோஜா, நிமிராமல். நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நடைவழியில் நின்றேன். எங்கே போவது என்று தெரியவில்லை. அப்போதுதான் ஒன்று தோன்றியது. ராபியா எங்கே சாப்பிடுவாள்? இரண்டு வருஷமாக ஒரே ஷிப்டில் இருக்கிறோம். நான் ஒருநாள்கூடக் கவனித்ததில்லை.

பேட்டரி அறைக்குப் பின்னால், பழைய கம்பிச் சுருள்கள் கிடக்கும் சந்தில் இருந்தாள். சுவரைப் பார்த்து ஒரு ஸ்டூல். மடியில் டப்பா. நான் வந்த சத்தம் கேட்டுத் திரும்பாமலே, "இங்க எதுக்கு அக்கா?" என்றாள்.

"அங்க இடம் இல்லையாம்."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. சேந்த ரெண்டாவது நாள்." கோபமில்லை, நம்பர் சொல்கிற குரல்தான். "நீங்கதான் சொன்னீங்க."

அதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அவள் எழுந்து, ஒரு கம்பிச் சுருளை உருட்டி வந்து, மேலே பழைய டைரக்டரி ஒன்றை வைத்துத் தட்டிவிட்டாள். ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, சுவரில் எனக்கும் பாதி விட்டாள்.

உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அழுதால் அவளுக்குச் சத்தம் ஆகாது என்று விழுங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டோம். நான் அப்பளத்தை ஒடித்ததும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கும் வரலாமா ராபியா?"

யோசித்தாள். பதில் சொல்வதற்கு முன்னால் அவள் எப்போதும் நிஜமாகவே யோசிப்பாள்.

"வரலாம் அக்கா. அப்பளம் வேணாம்."

மறுநாள் நான் அப்பளம் கொண்டுபோகவில்லை.